மாந்தளிர் நிறம்

தொடக்கநிலை இரண்டில் படிக்கும்போது "என் குடும்பம்" என்று ஒரு படம் வரையச் சொன்னார்கள். ஒரு மேசைக்கு ஐந்து பேர், நடுவில் ஒரு கிரேயான் பெட்டி. அந்தப் பெட்டியில் ஒரு குச்சியை மட்டும் நாங்கள் எல்லோரும் "ஸ்கின் கலர்" என்போம். வெளிர் ஆரஞ்சில் கொஞ்சம் இளஞ்சிவப்பு கலந்த மாதிரி ஒரு நிறம். எல்லா மேசையிலும் முதலில் தேய்ந்து குட்டையாகிப் போவது அதுதான். பக்கத்தில் இருந்தவனிடம் கேட்டு வாங்கி, அம்மாவின் முகம், அப்பாவின் முகம், தாத்தாவின் முகம், என் முகம் எல்லாவற்றுக்கும் அதையே தீட்டினேன். அப்படித் தீட்டு என்று யாரும் சொல்லவில்லை. ஏன் அப்படித் தீட்டினாய் என்றும் யாரும் கேட்கவில்லை. படம் வீட்டுக்கு வந்து குளிர்பதனப் பெட்டியின் கதவில் இரண்டு வருடம் ஒட்டியிருந்தது. தாத்தா ஒவ்வொரு நாளும் அந்தக் கதவைத் திறந்துதான் தண்ணீர் எடுப்பார்.

எட்டு வருடம் கழித்து, உயர்நிலைப் பள்ளி முடிவில் எழுதும் ஓ லெவல் தேர்வின் ஓவியப் பாடத்துக்காக அதே தாத்தாவின் முகத்தை மறுபடி வரைந்தேன். ஆறு மாதத்துக்கு மேல் ஆனது. அந்த ஆறு மாதத்தில் நடந்ததை எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சிங்கப்பூரில் உயர்நிலை இரண்டு வரைக்கும் எல்லாரும் ஓவியம் படிக்க வேண்டும். உயர்நிலை மூன்றிலிருந்து அது விருப்பப்பாடம். பாடத்தேர்வுத் தாளில் நான் ஓவியத்துக்கு எதிரே குறியிட்டதைப் பார்த்த அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "அதுக்கு டியூஷன்கூடக் கிடையாதேம்மா," என்றார். எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் கணக்குக்கும் அறிவியலுக்கும் மாடிக்கு ஒரு டியூஷன் இருக்கிறது. உதவி கிடைக்காத பாடத்தை நான் தனியாகத் தூக்கிச் சுமக்கப் போகிறேனே என்ற கவலைதான் அம்மாவுக்கு. அது நியாயமான கவலை. அப்பா, "பிடிச்சிருந்தா எடு," என்று முடித்துவிட்டார்.

இந்தப் பாடத்தில் தேர்வு நாளன்று மூன்று மணி நேரம் உட்கார்ந்து வரைவதற்கு 40 விழுக்காடுதான். மீதி 60 விழுக்காடு மாதக்கணக்கில் செய்யும் படைப்புக்கு. அதிலும் இறுதிப் படத்தை மட்டும் கொடுத்தால் போதாது. அந்தப் படத்துக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்பதையும் காட்ட வேண்டும்: முதல் கிறுக்கல்கள், நிறச் சோதனைகள், கைவிட்ட யோசனைகள், எந்த ஓவியரைப் பார்த்து என்ன கற்றோம் என்பது எல்லாம். நாங்கள் அதை "பிரெப்" என்போம். மற்ற பாடங்களில் தப்பான விடையை அழித்துவிட்டுத்தான் தாளைக் கொடுக்கிறோம். இங்கே தப்பாகப் போன ஒன்றை ஒட்டி, அது ஏன் சரிவரவில்லை என்று பக்கத்திலேயே எழுதி வைக்கச் சொல்கிறார்கள். எனக்கு இந்தப் பாடத்தின் மேல் மதிப்பு வந்தது அதனால்தான்.

தாத்தாவை வரையப் போகிறேன் என்றதும் ஆசிரியை முதலில் கேட்டது, "புகைப்படத்தைப் பார்த்தா, நேரில் பார்த்தா?" என்று. நேரில் என்று சொல்லிவிட்டேன். அது எவ்வளவு பெரிய வாக்குறுதி என்று அப்போது தெரியாது.

தாத்தா 1947-ல் நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் பிறந்தவர். ஒன்பது வயதில் அவருடைய அம்மாவோடு ரஜூலா கப்பலேறி இங்கே வந்தார். பதினேழு வயதில் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் வேலை. அரிசி, சீனி, ரப்பர், எல்லாம் மனிதர்களின் முதுகில்தான் ஏறி இறங்கும். சாக்கில் குத்தி இழுக்க ஒரு இரும்புக் கொக்கி வைத்திருப்பார்கள். 1972-ல் முதல் கண்டெய்னர் கப்பல் தஞ்சோங் பகாருக்கு வந்ததை அவர் கரையில் நின்று பார்த்திருக்கிறார். "அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு ஆயி, இனிமே முதுகுக்கு வேலை இல்லேன்னு," என்று சொல்வார். பிறகு கிரேன் ஓட்டப் பழகி, ஓய்வு பெறும்வரை அதையே ஓட்டினார்.

இதெல்லாம் எனக்குத் தெரிந்த கதைகள். ஆனால் வரைய உட்கார்ந்தபோதுதான், அவர் புறங்கையில் பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு தழும்பு இருப்பதைப் பார்த்தேன். கொக்கி கிழித்ததாம். பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், அந்தக் கையால் சோறு உருட்டி ஊட்டிவிட்டிருக்கிறார், நான் பார்த்ததில்லை.

வகுப்பில் எங்களுக்கு ஒரு பயிற்சி உண்டு. தாளைப் பார்க்கவே கூடாது. வரையும் பொருளின் விளிம்பில் கண் ஒரு எறும்பு மாதிரி ஊர்ந்து போக வேண்டும், கண் போகிற வேகத்திலேயே பென்சிலும் போக வேண்டும். வந்து விழும் படம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோணலில் உண்மை அதிகம். தாத்தாவின் காதை அப்படி இருபது முறையாவது வரைந்திருப்பேன். மடல் கீழே தொங்கி நீண்டிருக்கும். உள்மடிப்பில் ஒரு சின்ன மேடு. சின்ன வயதில் கடுக்கன் போட்டிருந்த துளை தூர்ந்து ஒரு புள்ளியாகிவிட்டது. காது என்றால் ஆறு என்ற எண்ணைப் போல ஒரு வளைவு என்று அதுவரை கை பழகியிருந்தது. அந்தப் பழக்கத்தை மறக்கவே ஒரு மாதம் பிடித்தது.

எங்கள் நாட்டில் இப்படி மனித உருவத்தை நேரில் பார்த்து வரைவதிலேயே வாழ்நாளைச் செலவிட்ட ஒரு தமிழர் இருந்தார் என்பதை ஆசிரியை சொல்லித்தான் அறிந்தேன். நமசிவாயம், 1926 முதல் 2013 வரை வாழ்ந்தவர், ஓவிய ஆசிரியரும்கூட. சக ஓவியர்களோடு சேர்ந்து குரூப் 90 என்ற குழுவைத் தொடங்கி, மாடலை முன்னால் வைத்து வரைவதைத் தொடர்ந்து நடத்தியவர். அவர் கோடுகள் ஒரே மூச்சில் இழுத்தவை போல இருக்கும். சிங்கப்பூர் ஓவிய வரலாறு என்று நான் படித்த பக்கங்களில் நம் பெயர் ஒன்று வந்தது எனக்கு எவ்வளவு தெம்பாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை.

கோடு ஒருவழியாகக் கைக்கு வந்தது. நிறத்தில்தான் மாட்டிக்கொண்டேன்.

முதல் முயற்சியில் பழுப்பு டியூபைப் பிதுக்கினேன். தாத்தா அதைவிடக் கறுப்பு, அதனால் கறுப்பு டியூபிலிருந்து கொஞ்சம் சேர்த்தேன். நெற்றியில் வெளிச்சம் விழும் இடத்துக்கு வெள்ளை. அக்ரிலிக் வண்ணம் காயும்போது ஒரு படி இருண்டுவிடும். மறுநாள் போய்ப் பார்த்தால், சுவரில் பூசிய சிமெண்டு போல ஒரு முகம். கறுப்பு சேர்த்த இடமெல்லாம் உயிர் போய், வெள்ளை சேர்த்த இடமெல்லாம் சாம்பல் பூத்திருந்தது. அதைப் பார்த்து எனக்கு அழுகை வந்தது. படம் சரியில்லை என்பதற்காக மட்டும் இல்லை. அவரை இப்படிச் செய்துவிட்டேனே என்று.

ஆசிரியை அந்தப் படத்தைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. என் வண்ணப்பெட்டியிலிருந்து கறுப்பு டியூபை மட்டும் எடுத்துத் தன் இழுப்பறையில் வைத்துக்கொண்டார். "ஒரு மாதம் இது இல்லாமல் இரு," என்றார். பிறகு என் தட்டில் இரண்டே நிறங்களை வைத்தார்: பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, அல்ட்ராமரின் நீலம்.

இந்த இரண்டும் சேர்ந்து என்னவெல்லாம் செய்யும் என்பதை நேரில் பார்த்தால்தான் நம்ப முடியும். சியன்னா கூடினால் செங்கல், பிறகு கருப்பட்டி, பிறகு புளி. நீலம் கூடக் கூட மேகம், இரவு, கடைசியில் கறுப்பே போன்ற ஒன்று. ஆனால் அந்தக் கறுப்புக்குள் சூடும் குளிர்ச்சியும் இருக்கும். டியூபிலிருந்து வரும் கறுப்பு வெளிச்சத்தைக் குடித்துவிட்டுச் சும்மா இருக்கும், இது அப்படியில்லை. கொஞ்சம் மஞ்சள் ஓக்கர் சேர்த்தால் கன்னம், துளி சிவப்பு சேர்த்தால் காதுமடல். ஒரு ஏ2 தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்களாக அறுபதுக்கும் மேற்பட்ட பழுப்புகளைத் தீட்டி, ஒவ்வொன்றின் கீழும் எதில் எவ்வளவு கலந்தேன் என்று எழுதினேன். என் பிரெப் தாள்களில் இன்றைக்கும் எனக்குப் பிடித்தது அதுதான்.

இந்த நிறங்கள் எங்கிருந்து வருகின்றன என்று தேடிப் படித்தேன். சியன்னா இத்தாலியின் சியனா ஊர்ப் பெயரால் அழைக்கப்படும் மண். இரும்பு கலந்த அந்த மண்ணை வறுத்தால் சிவந்து பர்ன்ட் சியன்னா ஆகிறது. ஓக்கரும் இரும்பு மண்தான். அதாவது நம் காவிக்கல்லின் சொந்தக்காரர்கள். கோயில் மதிலில் வெள்ளையும் காவியுமாகப் பட்டை அடித்திருப்பார்களே, அதே மண். அல்ட்ராமரின் முன்பு ஆப்கானிஸ்தான் மலைகளில் தோண்டியெடுத்த நீலக்கல்லை அரைத்துச் செய்யப்பட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து ஆலைகளில் செய்கிறார்கள். அந்தப் பெயருக்கு லத்தீனில் "கடலுக்கு அப்பாலிருந்து" என்று பொருள். மண்ணும், கடல் தாண்டி வந்த ஒன்றும். தாத்தாவிடம் இதைச் சொன்னபோது, "அப்ப சரியாத்தான் கலக்குற," என்றார்.

இதே சமயத்தில் தமிழ் வகுப்பில் ஒன்று நடந்தது. சங்கப் பாடல்களில் வரும் "மாமை" என்ற சொல்லை ஆசிரியர் விளக்கினார். தலைவியின் மேனி அழகைச் சொல்லும் சொல், பிரிவு வந்தால் பசலை படர்ந்து அந்த மாமை அழிந்துவிடும், மாமை என்பதற்கு மாந்தளிரின் நிறம் என்று உரைகாரர்கள் பொருள் சொல்வார்கள் என்றார். மற்றவர்கள் குறிப்பெடுத்துக்கொண்டு அடுத்த வரிக்குப் போய்விட்டார்கள். எனக்கு மட்டும் கை நின்றுவிட்டது. மாந்தளிர் என்ன நிறம்? பச்சை என்றுதான் மனம் சொன்னது. இலை என்றால் பச்சை, காது என்றால் ஆறு, முகம் என்றால் அந்த கிரேயான்.

எங்கள் புளோக்குக்கும் கார் நிறுத்துமிடத்துக்கும் நடுவே ஒரு மாமரம் இருக்கிறது. அன்று சாயங்காலம் பள்ளிப் பையோடு அதன் அடியில் நின்றேன். நுனியில் கொத்தாகத் தொங்கிய இளம் இலைகள் பச்சையே இல்லை. செம்பும் தேனும் கலந்த பழுப்பு. மேலே ஈரம் பட்டதுபோல ஒரு மினுமினுப்பு, நரம்பில் சிவப்பு, திருப்பினால் அடிப்பக்கம் கொஞ்சம் ஊதா. சில வாரத்தில் அது பச்சையாகிவிடும். அதற்குள் பார்த்தால்தான் உண்டு. ஒரு தளிரைப் பறித்து, பிரெப் தாளில் என் கட்டங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இருபத்து மூன்றாவது கட்டம் ஏறக்குறைய அதே நிறம். தாத்தாவின் கழுத்துப்பக்கம், சட்டைக் காலருக்குக் கீழே வெயில் படாத இடம், அதுவும் அந்தக் கட்டம்தான்.

எங்கள் குடும்பத்தில் நிறத்தைப் பற்றிப் பேசும் பேச்சு எல்லார் வீட்டிலும் போலத்தான். விளையாட்டுத் திடலுக்குப் போனால் "வெயில்ல நிக்காத, கறுத்துடுவ." கல்யாண வீடுகளில் என் அக்காவைப் பார்த்து, "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா." அக்கா சிரித்துக்கொண்டே நிற்பாள். அந்த "இருந்தாலும்" என்ற சொல்லில் கடைசியில் வரும் "உம்" எவ்வளவு கூர்மையானது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதைச் சொன்ன அத்தைகள் எல்லாரும் பாசமானவர்கள். ஆனாலும் அவர்கள் சொன்னது தப்பு என்று நான் நினைக்கிறேன், இப்போது நேரிலும் சொல்கிறேன். நம் மொழியில் ஈராயிரம் வருடத்துக்கு முன்னால் யாரோ ஒருவர் தளிரை உற்றுப் பார்த்து, இதுதான் அவள் மேனி என்று "உம்" எதுவும் சேர்க்காமல் சொல்லியிருக்கிறார். அவ்வளவு துல்லியமான நிறப்பெயரை நான் எந்த டியூபிலும் படித்ததில்லை.

ஆய்வுக்காகத் தேசிய கலைக்கூடத்துக்கு நாலைந்து தடவை போனேன். பழைய உச்ச நீதிமன்றமும் நகர மண்டபமும் சேர்ந்து 2015-ல் கலைக்கூடமாகத் திறந்த இடம். குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் நிரந்தரக் காட்சிகளைப் பார்க்கக் கட்டணம் கிடையாது. அதனால் ஒரே படத்தைப் பார்க்க மட்டும் போய்த் திரும்பலாம். நான் பார்க்கப் போனது ஜார்ஜெட் சென் வரைந்த தன்னுருவ ஓவியம். 1946 வாக்கில் வரைந்தது, கையகலப் படம்தான். தலையைச் சற்றுத் தூக்கி நம்மைப் பார்ப்பார். அந்தச் சின்ன முகத்துக்குள் எத்தனை நிறங்கள் அடுத்தடுத்து நிற்கின்றன என்று எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டேன். அவர் 1950-களில் இங்கே குடியேறி நன்யாங் நுண்கலைக் கழகத்தில் பல வருடம் கற்றுக்கொடுத்தவர். மலாய் கற்று, தனக்கு "செண்டானா" என்று ஒரு மலாய்ப் பெயரும் வைத்துக்கொண்டார். சந்தனம் என்பதுதான் அது.

இன்னொரு ஓவியர் சியோங் சூ பியெங். அவருடைய "கருவாடு உலர்த்துதல்" ஓவியம் எல்லார் கையிலும் போய் வந்துகொண்டிருக்கிறது, நம் 50 வெள்ளித் தாளின் பின்பக்கத்தில். அதே பக்கத்தில் வயலின், சீனர்களின் பிப்பா, மலாய்க்காரர்களின் கொம்பாங் பறையோடு நம் வீணையும் இருக்கிறது. அந்த ஓவியத்தில் உள்ள பெண்களின் நீண்ட கைகளையும் பாதி மூடிய கண்களையும் பார்த்துவிட்டு, நானும் தாத்தாவின் கைகளைக் கொஞ்சம் நீட்டி வரைந்து பார்த்தேன். சரிவரவில்லை. சியோங் கண்டுபிடித்த நீளம் அவர் பார்த்த மனிதர்களுக்கு உரியது. மூட்டை தூக்கிய கை குட்டையாகத் தடித்து முட்டிகளில் வீங்கியிருக்கிறது, அதை அப்படியேதான் வரைய வேண்டும் என்று தாளின் ஓரத்தில் எழுதி ஒட்டிவைத்தேன்.

மார்ச்சில் ஒரு சிக்கல் வந்தது. ஜனவரியிலிருந்து தாத்தாவைச் சமையலறை ஜன்னலோரம் உட்காரவைத்து வரைந்துவந்தேன். தினமும் நாலு மணிக்கு, தமிழ் முரசு நாளிதழைக் கையில் கொடுத்து. ஜன்னல் வடக்குப் பார்த்தது. நேர் வெயில் இல்லாமல், வானத்து வெளிச்சம் மட்டும் முகத்தில் நீலமாகப் படியும். மார்ச் கடைசியில் வெயில் ஓரமாக எட்டிப் பார்க்க ஆரம்பித்தது. மே மாதத்தில் முழங்கால்வரை வந்துவிட்டது. ஜூனில் அவர் முகத்திலேயே விழுந்தது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் நமக்குப் பருவமே இல்லை என்போம், பகலும் இரவும் வருடம் முழுக்க ஏறக்குறைய ஒரே அளவு. ஆனால் சூரியன் மார்ச்சுக்குப் பிறகு ஆறு மாதம் நம் வடக்கே போய்விடுகிறது, செப்டம்பருக்குப் பிறகு தெற்கே. தெற்கு ஜன்னல்காரர்களுக்கு டிசம்பர் வெயில், எங்களுக்கு ஜூன் வெயில். இந்த வீட்டில் பிறந்து வளர்ந்தும் அது எனக்குத் தெரிந்திருக்கவில்லை. தாத்தாவுக்குத் தெரியும். "ஆனி மாசம் இந்தப் பக்கம் துணி காயும்," என்றார்.

ஆறு வாரம் வேலை செய்த படத்தின் வெளிச்சம் இப்போது பொய்யாகிவிட்டது. ஜனவரி முகத்தையே முடிப்பதா, ஜூன் முகத்துக்கு மாறுவதா? ஆசிரியையிடம் கேட்டேன். "எந்த முகம் உன்னிடம் அதிகம் பேசுகிறது?" என்று திருப்பிக் கேட்டார். ஜூன் வெயிலில் இடது கன்னம் மாந்தளிராகப் பற்றிக்கொண்டிருந்தது, வலது கன்னத்தின் நிழலில் இன்னும் அந்த வானத்து நீலம் இருந்தது. சியன்னா ஒரு பக்கம், அல்ட்ராமரின் ஒரு பக்கம். புதுப் பலகையில் முதலிலிருந்து ஆரம்பித்தேன். ஓவியச் சாமான் விற்கும் கடைகள் இருக்கும் பிராஸ் பாசா காம்ப்ளெக்ஸுக்குப் போய்க் கடைசியாக ஒரு சியன்னா டியூப் வாங்க அப்பாதான் பணம் கொடுத்தார். மூன்று வாரத்தில், ஜூன் விடுமுறை முழுவதையும் கொடுத்து, வரைந்து முடித்தேன்.

உட்கார்ந்திருப்பது சுலபமான வேலை இல்லை. எழுபத்தாறு வயதில் தினமும் முக்கால் மணி நேரம் ஒரே பக்கம் பார்த்திருக்கச் சொன்னேன். கால் மரத்துப்போகும். முரசின் ஒரே பக்கத்தை நாலு தடவை படிப்பார், பக்கத்தைத் திருப்பினால் தோள் அசைந்துவிடும் என்று திருப்ப மாட்டார். அந்த நேரத்தில் நாங்கள் அதிகம் பேசவும் இல்லை. அப்படி ஒருவரை முக்கால் மணி நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேறு எந்தப் பாடம் அனுமதி தரும் என்று எனக்குத் தெரியவில்லை.

படத்தைப் பள்ளியில் ஒப்படைக்கும் முன்னால் வீட்டில் காட்டினேன். தாத்தா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தார்.

"காது சரியா இருக்கு," என்றார். ரொம்ப நேரம் கழித்து, "நெத்தியில என்ன ஆயி, நீலம்?"

"வானம் தாத்தா. நிஜமாவே இருக்கு."

நம்பவில்லை. கையைப் பிடித்து ஜன்னலருகே கூட்டிப்போய், அம்மாவின் சின்னக் கண்ணாடியை எடுத்துவந்து காட்டினேன். முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். வெயில் படாத பக்கத்தில் நெற்றி மேட்டில் அது இருந்தது, மெல்லிய நீலம். ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"ஆமா," என்றார். "இத்தன நாளா இருந்திருக்கு."

அதற்குப் பிறகு இரண்டு வருடமாகிவிட்டது. இப்போது எனக்கு வேறு படிப்பு, வீட்டில் வரைவது ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். இது ஜூன் மாதம். நாலு மணியானால் தாத்தா யாரும் கேட்காமலே நாற்காலியைச் சமையலறை ஜன்னலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்கிறார். இடது கன்னம் வெளிச்சத்துக்கு வரும்படி கொஞ்சம் சாய்த்து உட்கார்ந்து, முரசைப் பிரித்து, பக்கத்தைத் திருப்பாமல் படிக்கிறார்.